செவந்தி சாகாத இரண்டாம் பாகம்

செவந்தி செத்துப்போனாள். அதுவும் திரையில் எழுத்துப் போட்டு முடிவதற்குள்.

விஜயராணி அப்போது தன் இருக்கையைக்கூடக் கண்டுபிடித்திருக்கவில்லை. இருட்டில் யாருடைய காலையோ மிதித்து, "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி நிமிர்ந்தால், செவந்தியின் படத்துக்கு மாலை போட்டிருக்கிறது. பக்கத்தில் குத்துவிளக்கு எரிகிறது. பரிசல்துரை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டான். கண்ணாடியைத் திரும்ப மாட்டினான். ஹெலிகாப்டரில் ஏறிப் போய்விட்டான்.

"அய்யய்யோ!" என்றாள் விஜயராணி வாய்விட்டு.

"உக்காருங்கக்கா, மறைக்குது" என்றார் பின்னால் இருந்தவர்.

உட்கார்ந்தாள். அவளுக்கு சினிமாப் பைத்தியம் எல்லாம் கிடையாது. அவள் வந்தது அவள் வீட்டுக்காரருக்காக. ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதி வாடகை வீட்டில், கட்டிலில் படுத்தபடி தமிழ்மணி அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். 'பரிசல்துரை' இரண்டாம் பாகத்தின் கதையை ஒன்று விடாமல் கேட்பதற்காக.

திருவெறும்பூரில் பெரிய தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவர் தமிழ்மணி. போன வருஷம் வாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. நெஞ்சும் பலவீனம். பகலில் பெலிண்டா என்ற நர்ஸ் பெண் வந்து பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் விஜயராணி ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை முடிந்து வந்து மாற்றிக்கொள்வாள்.

பழைய 'பரிசல்துரை' அவர்களுக்குக் கல்யாணமான வருஷம் வந்த படம். தமிழ்மணி அதை எத்தனை தடவை பார்த்தார் என்பதற்குக் கணக்கே கிடையாது. காவிரியில் பரிசல் ஓட்டுகிற ஒரு ஏழையின் கதை. துரைக்கு வெள்ளம் என்றால் பயம். பயந்துகொண்டேதான் ஓட்டுவான். அடித்தால் அவனுக்கு வலிக்கும். கீரை விற்கிற செவந்தி அவனைத் திட்டித் திட்டியே காதலிப்பாள். கடைசியில் பெருவெள்ளத்தில் ஒரு பிரசவக்காரியை அக்கரை சேர்ப்பான். இவ்வளவுதான் படம். அதற்கே திருச்சியில் ஜனம் தியேட்டரை விட்டு எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் பாகம் வருகிறது என்று தெரிந்ததிலிருந்து தமிழ்மணி சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

"ராணி, ஆசீரை வரச் சொல்லு. அவன் ஆட்டோல போயி ஒரே ஒரு ஷோ பாத்துட்டு வந்துடறேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு? இப்ப தியேட்டர்ல போடுற சத்தத்துக்கு நல்லா இருக்கறவங்களுக்கே நெஞ்சு அடைக்குது. பேசாம படுங்க."

"அப்ப நீ போயிட்டு வா. வந்து ஒண்ணு விடாம சொல்லணும்."

படம் வெள்ளிக்கிழமை வந்தது. ஆடித் தள்ளுபடி நேரத்தில் கடையில் லீவு கேட்டால் கொடுப்பார்களா? மேற்பார்வையாளர் கோபாலரத்தினத்தின் கையைக் காலைப் பிடித்து, அடுத்த செவ்வாய்க்கிழமை அரை நாள் வாங்கினாள்.

வாங்கி வந்து பார்த்த படம் இது. பரிசல்துரை இப்போது வெளிநாட்டில் ஆயுதம் விற்கிறவர்களுக்கே தலைவன். அவன் நடந்தால் தரை வெடிக்கிறது. நூறு பேர் சுடுகிறார்கள், அவன் சட்டைகூடக் கசங்கவில்லை. காவிரி ஒரே ஒரு காட்சியில் வந்தது. அதுவும் கம்ப்யூட்டரில் வரைந்த காவிரி, நீல நிறத்தில். பழைய பாட்டின் மெட்டை எடுத்து அதன்மேல் டமாரத்தைப் போட்டு அடித்திருந்தார்கள். முன்வரிசைகளில் நரைத்த தலைகள் நிறைய இருந்தன. தொடக்கத்தில் விசிலடித்த தலைகள், இடைவேளைக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் குனிந்து செல்போனைப் பார்த்தன. பக்கத்தில் இருந்த பெரியவர் பாதியிலேயே எழுந்து, யாரையும் பார்க்காமல், துக்க வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி போனார்.

கடைசியில் 'மூன்றாம் பாகம் விரைவில்' என்று போட்டார்கள். யாரோ ஒருவர், "வேணாம் சாமி, விட்டுருங்க" என்றார். தியேட்டரே சிரித்தது. படத்தில் ஜனம் சிரித்த ஒரே இடம் அதுதான்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஆடி மாதத் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. செவந்தி செத்துவிட்டாள் என்று அந்த மனுஷனிடம் சொல்ல முடியாது என்று மட்டும் விஜயராணிக்குத் தெரிந்தது. மற்றதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "படம் எப்படிக்கா?" என்று கேட்ட பெலிண்டா, பதிலுக்குக்கூட நிற்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தமிழ்மணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "வா, வா. முகத்தைக்கூடக் கழுவ வேணாம். செவந்தி எப்படி இருக்கா?"

முதல் கேள்வியே அதுதான்.

"நல்லா இருக்கா" என்றாள் விஜயராணி.

தமிழ்மணி அவளையே பார்த்தார். "நல்லா இருக்காளா?"

"முடி கொஞ்சம் நரைச்சிருக்கு. மத்தபடி நல்லாத்தான் இருக்கா."

"துரை?"

"பரிசல்தான் விடறான். வேற என்ன தெரியும் அவனுக்கு?"

தமிழ்மணி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். "சொல்லு" என்றார்.

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னாள். ஆற்றுக்கு மேலே பாலம் கட்டிவிட்டார்கள். பரிசலில் ஏற ஆள் இல்லை. துரையும் செவந்தியும் துறையிலேயே காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.

"சும்மா உக்காந்திருக்கிறதையா காட்டறான்?"

"பேசிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"அப்ப வில்லன் யாரு?"

இதை விஜயராணி யோசிக்கவில்லை. அரை நாள் லீவுக்கு அவளை அலைய விட்ட முகம்தான் மனசில் வந்தது. "கோபாலரத்தினம்" என்றாள்.

"நல்ல பேரு. என்ன பண்றான்?"

"லீவு தர மாட்டேங்கறான்."

"பரிசல்காரனுக்கு எதுக்கு லீவு?"

"அது... துறையை இழுத்து மூடப் பாக்கறான். மிச்சம் நாளைக்கு. கஞ்சி ஆறுது."

மறுநாள் கடையில் பாதி மனசு பில்லில், பாதி மனசு பரிசலில். ஒரு பட்டுப் பாவாடைக்குப் போட வேண்டிய பில்லை இரண்டு லுங்கிக்குப் போட்டாள். அசல் கோபாலரத்தினம் வந்து, "என்னம்மா, கனவு காண்றியா?" என்று கத்தினார். அன்று சாயங்காலமே கதையில் அவரைச் சேற்றில் விழ வைத்தாள். ஆனால் ஆத்திரத்தில் பெயரை மாற்றி 'ரத்தினசபாபதி' என்று சொல்லிவிட்டாள்.

"நேத்து கோபாலரத்தினம்னியே?"

"அது அண்ணன். இது தம்பி."

"ரெட்டை வேஷமா?"

"ஆமா" என்றாள் விஜயராணி. அந்த ஒரு 'ஆமா'வால் அவளுக்கு ஒரு வாரத்துக்கு வேலை வந்தது. அண்ணன் எங்கே, தம்பி எங்கே, எவனுக்கு மீசை, எவன் சேற்றில் விழுந்தான் என்று தமிழ்மணி தினம் ஒரு கேள்வி கேட்டார். அவள் பஸ்ஸில் வரும்போதே விரல் விட்டு மீசைகளைப் பிரித்துக்கொள்வாள்.

அடுத்த பயம் டி.வி. எந்தச் சேனலைத் திருப்பினாலும் அந்தப் படத்தைத்தான் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கேபிள் வயரைப் பின்னாலிருந்து உருவிவிட்டு, "லைன் போச்சுங்க" என்றாள். மாடிவீட்டு லிசிக்கு இரக்க சுபாவம். படுத்திருக்கிற மனுஷருக்குப் பொழுது போகாதே என்று அவளே கேபிள்காரருக்கு போன் போட்டுவிட்டாள். அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, வயரைச் சொருகி, போட்டுக் காட்டினார். திரையில் ஒருவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "செவந்தியை ஏன்யா—" என்று ஆரம்பித்தார்.

விஜயராணி பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். "ஷாக் அடிக்குது!"

"எனக்கு அடிக்கலயேம்மா" என்றார் கேபிள்காரர்.

"எனக்கு அடிக்குது. நீங்க போங்க."

தமிழ்மணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்து அவள் வெந்நீர் எடுத்து வந்தாள்.

டி.வி.யை ஒழித்தால் தைரியராஜ் வந்தார். தொழிற்சாலையில் தமிழ்மணியோடு வேலை பார்த்தவர். அந்தக் காலத்து ரசிகர் மன்றத் தலைவர். வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே அவர் கண் சிவந்திருந்தது.

விஜயராணி ஓடிப்போய்க் கேட்டிலேயே மறித்தாள். "அண்ணே, படம் பாத்துட்டீங்களா?"

"அதைப் பேசத்தான் வந்தேன் தங்கச்சி. யார்கிட்டயாவது சொல்லி அழலைன்னா எனக்குச் சோறு இறங்காது. பழைய படத்துல பரிசல் சுழல்ல சுத்தறப்ப நாம சீட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்குவோம், ஞாபகம் இருக்கா? ஏன்? அவன் செத்துருவானோன்னு பயம். இதுல அவன் சாகவே மாட்டான்னு வந்த உடனே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் நான் யாருக்காகப் பயப்படறது? நாம கைதட்டுன இடத்தை எல்லாம் பொறுக்கி எடுத்து வரிசையாப் போட்டிருக்கான். கைதட்டறதுக்கு முன்னாடி அழுதோமே, அது அவனுக்குத் தெரியவே இல்ல."

"அண்ணே, சத்தமாப் பேசாதீங்க. அவருக்கு நான் வேற கதை சொல்லிட்டேன்."

தைரியராஜுக்குப் புரியச் சற்று நேரமானது. அவள் வேகவேகமாகச் சொன்னாள். பாலம். ஆள் வராத துறை. அண்ணன் தம்பி வில்லன்கள். துரைக்கு வலது கை விழுந்துவிட்டது, அதனால் செவந்திதான் துடுப்புப் போடுகிறாள்.

"துரைக்கு எதுக்கும்மா கை விழுந்துச்சு?"

போன புதன்கிழமை கஞ்சி ஊட்டும்போது விஜயராணியின் வாயில் அப்படி வந்துவிட்டது. "விழுந்துருச்சுண்ணே" என்றாள்.

தைரியராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பொய் சொன்னா மூஞ்சியிலயே தெரிஞ்சுருமே. சர்ச்ல ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றப்ப வேற ஒப்பிக்கணும்."

"ஒரே ஒரு வார்த்தை. படம் நல்லாருக்குன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுங்க."

அவர் உள்ளே போனார். சொன்னபடி, "படம் நல்லாருக்குப்பா" என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பழைய ரசிகராயிற்றே, நிறுத்த முடியவில்லை. "என்னமா ஓட்டறா செவந்தி! அப்படியே மேல ஹெலிகாப்டர் வருது பாரு..." என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஹெலிகாப்டரா?" என்றார் தமிழ்மணி. "ராணி, நீ சொல்லவே இல்லையே?"

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"வெள்ளம் வருதுல்ல?" என்றாள் விஜயராணி. "அதுக்கு கவர்ன்மெண்ட்ல அனுப்பறாங்க. மேலேர்ந்து புளிசாதப் பொட்டலம் போடறாங்க."

"யார் மேல விழுது?"

"வில்லன் மேல."

"அண்ணனா, தம்பியா?"

"மீசை வச்சவன்."

தமிழ்மணி சிரிக்க ஆரம்பித்தார். வாதம் வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. ஒரு பக்க உதடுதான் சிரித்தது. கண் இரண்டிலும் தண்ணீர் வழிந்தது. தைரியராஜும் சிரித்தார். பிறகு அவசரமாக எழுந்து, "வேலை இருக்குப்பா" என்று வெளியே வந்து, ஸ்கூட்டர் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, இந்தக் கதையை அவனுங்க எடுத்திருக்கலாமேம்மா."

அதற்குப் பிறகு விஜயராணிக்குக் கடையிலிருந்து எப்போது கிளம்புவோம் என்று இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவரும் அவளும் இவ்வளவு பேசியதில்லை. அவர் ஷிப்டு முடிந்து வந்தால் சாப்பாடு, தூக்கம். அவள் வந்தால் சமையல், துணி. வாதம் வந்த பிறகு பேச்சு மாத்திரை, மூத்திரம், பில் என்று சுருங்கிப்போயிருந்தது. இப்போது அவள் கட்டிலோரம் உட்கார்ந்து ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் இடையிடையே எடுத்துக் கொடுத்தார்.

"அந்த இடத்துல செவந்தி அவனைத் திட்டியிருப்பாளே?"

"திட்டாம? 'கைதானே போச்சு, வாய் இருக்குல்ல, எந்தப் பக்கம் திருப்பணும்னு சொல்லுய்யா'ன்னு திட்டறா."

"அவன் சொல்றானா?"

"சொல்றான். இவளும் ஒண்ணும் சும்மா கேக்கல. பதிலுக்குப் பதில் பேசிக்கிட்டேதான் ஓட்டறா."

தமிழ்மணி அவள் கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "பயமா இருக்கா அவளுக்கு?"

விஜயராணி ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். "ரொம்ப" என்றாள். "வெளிய காட்டிக்க மாட்டேங்கறா."

கதையில் வெள்ளம் பெருகிவிட்டது. பாலத்தில் யாரும் போகக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அக்கரையில் ஒரு குழந்தைக்கு உயிருக்கு ஆபத்து. இத்தனை நாள் திரும்பிப் பார்க்காத ஜனமெல்லாம் துறைக்கு வந்து துரையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. செவந்தி துடுப்பை எடுக்கிறாள். துரை எதிரில் உட்கார்ந்து வழி சொல்கிறான். பரிசல் நட்டாற்றுக்கு வந்துவிட்டது.

அங்கே விஜயராணிக்குக் கதை ஓடவில்லை. எப்படி முடிப்பது என்று தெரியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் முடிக்க மனசு வரவில்லை. முடிந்துவிட்டால் நாளைக்கு வந்து என்ன பேசுவது?

ஆகவே பரிசலைச் சுற்ற விட்டாள். ஒரு நாள் மழை பெய்ய வைத்தாள். ஒரு நாள் மரம் ஒன்று அடித்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் வேறு வழியில்லாமல் ஒரு பாட்டே போட்டாள். வார்த்தை வராமல் வெறுமனே முனகிக் காட்டினாள். தமிழ்மணி தலையாட்டிக்கொண்டே தூங்கிப்போனார்.

"கரை சேந்தாங்களா ராணி?" என்று ஒரு சாயங்காலம் கேட்டார். அன்று கஞ்சி பாதிக்கு மேல் இறங்கவில்லை. குரலும் உள்ளே போயிருந்தது.

"என்ன அவசரம் உங்களுக்கு? நாளைக்குச் சொல்றேன்."

"சரி" என்றார்.

மறுநாள் மத்தியானம் அவள் ஒரு கல்யாண ஜவுளிக்கு பில் போட்டுக்கொண்டிருந்தபோது பெலிண்டாவிடமிருந்து போன் வந்தது. கோபாலரத்தினமே கடை வண்டியில் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம், "ஒண்ணும் இருக்காதும்மா, தைரியமா இரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. ஆட்டோ ஆசீர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். தமிழ்மணியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் வருகிறவன் அவன்தான். அன்றைக்குத் தூக்க வந்தபோது ஏற்கெனவே எல்லாம் முடிந்திருந்தது.

விஜயராணி அழவில்லை. எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டார்கள். அவள் அவர் காதருகே குனிந்து, "சேந்துட்டாங்க. சேந்துட்டாங்கங்க" என்றாள். அது மற்றவர்களுக்கு என்னவென்று புரியவில்லை. தைரியராஜுக்கு மட்டும் புரிந்து, அவர் எழுந்து வெளியே போனார்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், பஸ்ஸுக்கு நடக்கத் தெம்பில்லாமல் ஆசீரின் ஆட்டோவில் ஏறினாள். அவன் வழக்கமாக வாயை மூட மாட்டான். அன்று பேசாமல் ஓட்டினான். பாலத்தில் ஏறியதும், தண்ணீரைப் பார்த்ததும், அதுவரை வராத அழுகை அவளுக்கு வந்துவிட்டது. அவன் அவசரப்படாமல் பாலத்தைக் கடந்து, ஓரமாக ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினான்.

"அழுதுருங்கக்கா. நல்லது."

"அதுக்கில்ல ஆசீரு. அவர் கடைசியா ஆசைப்பட்டுக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அந்தப் படத்தோட கதையை. அதைக்கூட நான் உண்மையாச் சொல்லல. படம் கண்றாவி. செவந்தியை மொதல்லயே கொன்னுட்டானுங்க. நான் பாட்டுக்கு அவ இருக்கா, பரிசல் ஓட்டறான்னு தினம் ஒரு பொய். அவர் அத்தனையும் நம்பிக்கிட்டு, வாயைத் திறந்துக்கிட்டுக் கேட்டாரு. படுத்துக் கிடந்த மனுஷனை ஏமாத்தியே அனுப்பிட்டேன்."

ஆசீர் மெதுவாகத் திரும்பினான்.

"திட்டாதீங்கக்கா... படம் வந்த வெள்ளிக்கிழமையே, நீங்க கடைக்குப் போனதும், நானும் பெலிண்டாவும் அண்ணனைத் தூக்கிட்டுப் போயி முதல் ஷோ முழுசாக் காட்டிட்டோம். வெளிய வந்து ஆட்டோல உக்காந்துட்டு, 'டேய் ஆசீரு, ராணி இதைப் பாத்துட்டு வந்து என்கிட்ட எப்படிடா சொல்லப்போறா, பாவம்'னாரு."